ஓ.பி. முடிந்த பிறகும் மனம் நிறைந்திருக்க: மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதியம் ஒன்றரை மணி. ஓ.பி. முடிந்துவிட்டது. பதிவேட்டில் 94 பெயர்கள். கை கழுவிவிட்டு உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன், காலையில் பார்த்தவர்களில் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை. எனக்கு அப்போது வயது 36. எம்.டி. முடித்து ஏழு வருடம். வருமானம், பெயர், வீடு எல்லாம் இருந்தது. ஆனால் மறுநாள் காலை அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டுமே என்று நினைத்தாலே நெஞ்சு கனத்தது.

இந்த நிலைக்கு மருத்துவ உலகில் பெயர் உண்டு. 1974-ல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் இதை 'பர்ன்அவுட்' என்று எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறுகளாகப் பிரித்தார். மனம் வற்றிப்போவது ஒன்று. எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் 'பெட் 12, டயாலிசிஸ்' என்று மட்டும் பார்க்க ஆரம்பிப்பது இரண்டு. 'நான் செய்வதில் என்ன பிரயோசனம்' என்று தோன்றுவது மூன்று. உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இதைத் தொழில் சார்ந்த ஒரு நிலையாகத் தன் நோய்ப் பட்டியலில் விளக்கியிருக்கிறது.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வுகள் நமக்குத் தெரியும்: யோகா செய்யுங்கள், வருடத்துக்கு ஒரு முறை டூர் போங்கள், நன்றாகத் தூங்குங்கள். எல்லாம் நல்லதுதான், நானும் செய்தேன். ஆனால் நம் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது அந்த ஓ.பி. அறையிலும் வார்டிலும்தான். அங்கே நடக்கும் பேச்சு வறண்டு கிடந்தால், கொடைக்கானலில் கழித்த நான்கு நாள் திங்கட்கிழமை காலை பத்து மணிவரைகூடத் தாங்காது. என்னை மீட்டது நோயாளியோடு பேசும் விதத்தை மாற்றிக்கொண்டதுதான். அதை எப்படிச் செய்தேன், என்ன பலித்தது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து 'ஏட்காம்' என்ற பெயரில் அணுகுமுறை, அறநெறி, தகவல்தொடர்பு மூன்றும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. அதற்கு முன்னால் படித்த நம் யாருக்கும் இதை வகுப்பில் சொல்லித்தந்ததில்லை. சீஃப் எப்படிப் பேசினாரோ அப்படியே நாமும் பேசப் பழகினோம். அதனால் இது வரவில்லையே என்று யாரும் குறுகிப்போக வேண்டியதில்லை. ஈ.சி.ஜி. படிக்கக் கற்றுக்கொண்டது போல இதையும் கற்றுக்கொள்ளலாம்.

முதல் படி: ஒரு வாரம் உங்களைக் கவனியுங்கள்

எதையும் மாற்றாதீர்கள். சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எரிச்சல் வரும்போதெல்லாம் மணி என்ன, எதிரே யார், அவர் என்ன சொன்னார் என்று ஒரே வரி எழுதுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம்.

என் நோட்டில் ஒரு வாரத்தில் 31 வரிகள் சேர்ந்தன. அவற்றில் பாதிக்கு மேல் பதினொன்றரை மணிக்குப் பிறகு எழுதியவை. நான் காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தவன். எரிச்சலில் ஒரு பங்கு வெறும் பசி! பதினொரு மணிக்கு டீயும் ஒரு பன்னும் என்று ஆக்கிக்கொண்டேன். ஐந்து நிமிடம்தான் போனது, மதியத்துக்கு மேல் வந்தவர்களுக்குக் கொஞ்சம் நல்ல டாக்டர் கிடைத்தார்.

மீதி வரிகளைப் பார்த்தால் மூன்று வகையினர்தான் திரும்பத் திரும்ப வந்தார்கள். வேறு இடத்துத் தடித்த ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் போடுகிறவர்கள், 'நெட்டுல பார்த்தேன்' என்று ஆரம்பிக்கிறவர்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு வருகிறவர்கள். யோசித்துப் பார்த்தால் மூன்று பேருமே, எனக்குக் கேட்ட விதத்தில், 'உங்க மேல நம்பிக்கை இல்லை' என்றுதான் சொன்னார்கள். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. பயந்துபோயிருந்தார்கள், அவ்வளவுதான். உங்கள் நோட்டில் வேறு வகையினர் வரலாம். ஆனால் உங்களை எது தொடுகிறது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: முதல் ஒன்றரை நிமிடம் அவருடையது

1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃப்ராங்கெல் என்ற இருவர் மருத்துவர் அறைப் பேச்சைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சரி, குறுக்கிடாவிட்டால் என்ன ஆகும்? அரை மணி நேரம் பேசுவார்களா? 2002-ல் சுவிட்சர்லாந்தில் 335 நோயாளிகளை வைத்து இதைப் பார்த்தார்கள். அவர்களாகவே பேசி நிறுத்த எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 92 நொடிகள். பத்தில் எட்டுப் பேர் கிட்டத்தட்ட இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

'நம்ம ஊர் ஓ.பி.யில் இது நடக்கிற காரியமா?' என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. 2017-ல் 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்தபோது ஸ்வீடனில் ஒரு நோயாளிக்குச் சராசரி 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் சுமார் 2 நிமிடம் என்று வந்தது. என் கணக்கும் அதுதான்: 94 பேர், நாலரை மணி நேரம், ஒருவருக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த 94 பேரில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் பிரஷர், சுகர் மாத்திரையைத் தொடர வந்தவர்கள். புதிதாக ஒரு தொந்தரவோடு வந்தவர்கள் பதினைந்து, இருபது பேர் இருப்பார்கள். ஒன்றரை நிமிடம் அவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

செய்யும் முறை ரொம்ப எளிது. நிமிர்ந்து பாருங்கள். 'வாங்கம்மா, உட்காருங்க. என்ன பண்ணுது?' அதற்கு மேல் பேசாதீர்கள். பேனாவைக் கீழே வையுங்கள், கம்ப்யூட்டர் இருந்தால் கீபோர்டைத் தள்ளி வையுங்கள். பேனா கையில் இருக்கும்வரை சீட்டு எழுதியாகிவிட்டது என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். இடையில் 'ம்', 'அப்புறம்?' போதும்.

அந்த 'அப்புறம்' நம் மொழியில் இருக்கும் அருமையான கருவி. நம் மக்கள் முக்கியமான விஷயத்தை எப்போது சொல்வார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்று, 'அப்புறம் ஒண்ணு சார்...' என்பார்கள். மூட்டு வலி என்று வந்த அம்மா மார்பில் கட்டி இருப்பதை அங்கே நின்றுதான் சொல்வார். அடுத்தவர் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

கதவு வரை போக விடாமல் அதை முன்னாலேயே வாங்க ஒரு வழி இருக்கிறது. 2007-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 'வேறு ஏதும் உண்டா' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒரு சொல் 'இருக்காது' என்ற எதிர்பார்ப்போடு ஒலிக்கும், இன்னொன்று 'இருக்கும்' என்ற எதிர்பார்ப்போடு ஒலிக்கும். இரண்டாவது விதமாகக் கேட்டபோது, சொல்லப்படாமல் போகும் தொந்தரவுகள் 78 சதவீதம் குறைந்தன. ஒரே ஒரு சொல்லை மாற்றியதில்! தமிழில் அந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. 'வேற ஒண்ணும் இல்லையே?' என்றால் 'இல்லீங்க' என்றுதான் பதில் வரும். 'வேற என்ன தொந்தரவு இருக்கு, சொல்லுங்க' என்றால் சொல்வார்கள். வலியைக் கேட்டு முடித்ததும், பரிசோதனைக்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

மூன்றாம் படி: அவர்களுடைய சொல்லைத் திறந்து பாருங்கள்

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் தோற்ற இடம் இது.

'மயக்கமா வருது' என்கிறார் ஒருவர். நாம் கேஸ் ஷீட்டில் ஒரு சொல்லை எழுதிவிட்டுப் போகிறோம். ஆனால் மயக்கம் என்றால் என்ன? அறை சுற்றுவதா, கண் இருட்டிக்கொண்டு வருவதா, நினைவு தப்பி விழுந்ததா, வெறும் அசதியா? நான்கிற்கும் தமிழ்நாட்டில் இதே சொல்தான். நான்கும் வெவ்வேறு திசையில் போகும் நோய்கள். 'மயக்கம்னா எப்படிம்மா இருக்கும், சுத்துதா, இருட்டிக்கிட்டு வருதா? கீழே விழுந்தீங்களா?' என்று கேட்டால் பத்து நொடியில் தெரிந்துவிடும். இதே போல 'சூடு' என்றால் காய்ச்சலாக இருக்கலாம், நீர்க்கடுப்பாக இருக்கலாம், கண் எரிச்சலாகவும் இருக்கலாம். 'உப்பு அதிகம்னு சொன்னாங்க' என்றால் சிறுநீரில் புரதமா, ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினினா, சாப்பாட்டு உப்பா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சாப்பாட்டு உப்பு என்று நினைத்துக்கொண்டு, சிறுநீரக நோய்க்கு அதைக் குறைப்பது ஒன்றே மருந்து என்று இருந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான சொல் 'வாயு'.

நான் முதலில் வேலை பார்த்த மருத்துவமனையில் ஓர் இரவு. சுமார் 45 வயது, லாரி ஓட்டுநர். மேல் வயிற்றைத் தடவிக்கொண்டே, 'வாயு பிடிச்சிருக்கு சார், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்' என்றார். நான் 20 மணி நேரமாக டியூட்டியில் இருந்தேன். அவர் சொன்ன நோயை அப்படியே ஏற்றுக்கொண்டேன். அமிலத்துக்கு ஊசி போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தார். ஈ.சி.ஜி.யில் இன்ஃபீரியர் வால், அதாவது இதயத்தின் கீழ்ச்சுவர் மாரடைப்பு. இதயத்தின் அந்தப் பகுதியில் அடைப்பு வந்தால் வயிற்றுக் கோளாறு போலத் தெரியும் என்பது இறுதியாண்டு மாணவனுக்கே தெரியும். எனக்கும் தெரியும். கேட்கவில்லை. 'வாயுன்னா எங்க, எப்படிப் பண்ணுது? வேர்த்துச்சா? கைக்குப் பரவுதா?' என்ற மூன்று கேள்விகள் போதுமாக இருந்திருக்கும். அவர் பிழைத்துக்கொண்டார். அவர் கதை இன்னும் முடியவில்லை, ஏழாம் படியில் வருகிறேன்.

நோயாளி நோயின் பெயரைச் சொன்னால் அதைத் திருத்தவும் வேண்டாம், ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். பெயருக்குப் பின்னால் உடம்பில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மருத்துவமனைகள் சிலவற்றில், எழுபது வயது பெரியவரை 'என்னய்யா பண்ணுது உனக்கு, நாக்கை நீட்டு' என்று ஒருமையில் பேசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கையில் ரேஷன் பையும் காலில் தேய்ந்த செருப்புமாக வந்தால் 'நீ', கார் சாவியோடு வந்தால் 'நீங்க'. இதை ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக இருக்கும்போதே பார்த்துப் பழகிவிடுகிறோம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். 'ஐயா', 'அம்மா', 'பாட்டி', 'தம்பி', எது உங்கள் ஊரில் இயல்போ அது. நம் தமிழில் 'ங்க' என்ற ஒரு விகுதி ஒரு மனிதருக்கு எவ்வளவு மரியாதையைக் கொடுக்கிறது என்பதை, அது கிடைக்காமலே வாழ்ந்தவர்களின் முகத்தில் பார்க்கலாம். அதற்குப் பிறகு அவர்கள் உங்களிடம் எதையும் மறைக்க மாட்டார்கள்.

நான்காம் படி: 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள்

அந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரே பதில்தான்: 'சரிங்க சார்.' புரியவில்லை என்று டாக்டரிடம் சொல்வதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்.

அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: 'வீட்டுக்குப் போனதும் மருமக கேப்பாங்க, டாக்டர் என்ன சொன்னாருன்னு. என்ன சொல்வீங்க?' பாட்டி சொல்லச் சொல்ல, நாம் எங்கே சரியாகச் சொல்லவில்லை என்பது தெரியும். சோதனை நமக்குத்தான், அவருக்கு இல்லை. அதனால் தவறாகச் சொன்னால், 'நான் சரியாச் சொல்லலை, இன்னொரு தடவை சொல்றேன்' என்று ஆரம்பியுங்கள்.

எல்லா மருந்துக்கும் இது தேவைப்படாது. தப்பினால் உயிருக்கு ஆபத்து என்ற மருந்துகளுக்குக் கட்டாயம். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு நாள்தான். அதைத் தினமும் போட்டுக்கொண்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து வருகிறவர்கள் உண்டு. 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று கிழமையைத் தமிழில் எழுதி, எந்தக் கிழமை என்று திருப்பிக் கேளுங்கள். சுகருக்கு கிளிமிபிரைடு கொடுத்தால், 'விரதம் இருப்பீங்களா?' என்று கேட்காமல் அனுப்பாதீர்கள். சஷ்டி, வெள்ளிக்கிழமை, நோன்பு என்று ஏதாவது இருக்கும். சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுச் சர்க்கரை இறங்கி விழுவார்கள். '1-0-1' என்பது நமக்குத்தான் பாஷை. காலை, இரவு என்று சொல்லுங்கள்.

'ஊசி போடுங்க டாக்டர்' என்பதற்கும் ஒரு வார்த்தை. 'தேவையில்லை' என்று வெட்டினால் அவர் அடுத்த தெருவில் போய்ப் போட்டுக்கொள்வார். 'ஊசி போட்டா என்ன சரியாகும்னு நினைக்கிறீங்க?' என்று கேளுங்கள். 'நாளைக்கு வேலைக்குப் போகணும் சார், ஒரு நாள் கூலி போயிடும்' என்பார். கேட்டது ஊசியை இல்லை, நாளைய கூலியை. அதற்குத் தகுந்த பேச்சு வேறு.

ஐந்தாம் படி: கெட்ட செய்தி

2000-ல் பெய்ல், பக்மன் ஆகியோர் 'ஸ்பைக்ஸ்' என்று ஆறு படிகளில் ஒரு முறையை எழுதினார்கள். தனி இடத்தில் உட்காருவது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, எளிய சொற்களில் சொல்வது, பொங்கிவரும் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவது. புற்றுநோய் மருத்துவர்களுக்காக எழுதியது, ஆனால் டயாலிசிஸ் தேவைப்படும் என்று சொல்வதற்கும் குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று சொல்வதற்கும் இதுவே போதும்.

ஆனால் நம் ஊரில் இந்த ஆறு படிக்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்று நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் உள்ளே வருவார். கதவைச் சாத்துவார். 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர். தாங்க மாட்டார்.'

முன்பெல்லாம் நான் இரண்டில் ஒன்று செய்வேன். 'சட்டப்படி அவருக்குத்தான் சொல்லணும்' என்று கறாராகப் பேசுவேன், அல்லது சரி என்று தலையாட்டிவிட்டு அப்பாவிடம் 'குடல் புண்' என்று சொல்வேன். முதலாவதில் குடும்பம் உடையும். இரண்டாவதில், கீமோ ஆரம்பித்து முடி கொட்டும்போது, அந்தப் பெரியவர் நம் முகத்தையும் மகன் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் பேச ஆள் இருக்காது. எல்லோரும் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவரைத் தனியாக விட்டிருப்போம்.

இப்போது நான் செய்வது இது. மகனை முதலில் உட்காரச் சொல்வேன். 'அப்பா மேல எவ்வளவு பாசம்னு தெரியுது தம்பி. சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?' என்று கேட்பேன். பெரும்பாலும் அவர் அழுதுவிடுவார், ஏனென்றால் அந்தச் செய்தி அவருக்கும் புதிது. முதலில் அவரைத்தான் கவனிக்க வேண்டும். கொஞ்சம் ஆறியதும், 'அப்பா ஏதாவது சந்தேகப்பட்டுக் கேட்டாரா?' என்பேன். 'நேத்து ராத்திரி கேட்டார் டாக்டர், இது அந்த வியாதியான்னு' என்று பதில் வரும். அப்புறம் ஓர் ஒப்பந்தம்: 'நானா போய்ப் போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவர் கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு எவ்வளவு தெரியணும்னு அவர்கிட்டயே கேக்கலாம். நீங்களும் பக்கத்துல இருங்க.' இதற்கு மறுத்த குடும்பம் மிகக் குறைவு.

பிறகு பெரியவரை உள்ளே அழைத்து, 'ஐயா, ரிசல்ட் வந்திருக்கு. எல்லா விவரமும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட பேசிக்கிட்டா போதுமா?' சிலர் 'அவன்கிட்டயே சொல்லுங்க சாமி, அவன் பார்த்துக்குவான்' என்பார்கள். அதுவும் அவருடைய முடிவு, மதியுங்கள். சிலர் நிமிர்ந்து உட்கார்ந்து 'சொல்லுங்க' என்பார்கள். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த அரை நிமிட அமைதியைத் தாங்க முடியாமல்தான் நாம் ஸ்டேஜ், கீமோ என்று பேச ஆரம்பிக்கிறோம். எதுவும் காதில் விழாது. ஒரு டம்ளர் தண்ணீரை நகர்த்தி வையுங்கள்.

மரணத்தைச் சொல்லும்போது சுற்றி வளைக்காதீர்கள். 'சீரியஸா இருக்கு', 'நம்ம கையில இல்ல' என்று இழுத்தால் ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்களுக்கு நம்பிக்கை மிச்சம் இருக்கும். 'உங்க அம்மா பத்து நிமிஷத்துக்கு முன்னாடி இறந்துட்டாங்க' என்று, உட்கார்ந்து, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். நர்ஸைவிட்டுச் சொல்லவைக்காதீர்கள். உடனே பில் பற்றியோ உடலை எடுத்துப்போவது பற்றியோ பேச வேண்டாம்.

ஆறாம் படி: கோபமாக வரும் உறவினர்கள்

தமிழ்நாட்டில் 2008 முதலே மருத்துவமனைப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தனிச்சட்டம் இருக்கிறது. அடி விழும் சூழல் என்று தோன்றினால் பேச்சுத் திறமையைக் காட்ட நிற்காதீர்கள். வெளியேறி, காவலரை அழைத்துச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். கதவுக்கும் உங்களுக்கும் நடுவில் ஆள் நிற்காதபடி இருக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கோபத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பத்துப் பேர் நின்றால் 'குடும்பத்துல யார் பொறுப்பா பேசுறீங்க?' என்று கேட்டு ஒருவரை உட்காரவையுங்கள். 'பொறுமையா இருங்க' என்று சொல்ல வேண்டாம், அது எரிகிற தீயில் எண்ணெய். 'ஆறு மணிக்கு வந்தீங்க, இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கோம்னு வரிசையா சொல்றேன்' என்று ஆரம்பியுங்கள். அடுத்து எத்தனை மணிக்கு வந்து பேசுவீர்கள் என்று சொல்லுங்கள். மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வந்து நில்லுங்கள்.

ஏழாம் படி: தவறியதை ஒத்துக்கொள்வது

அந்த ஓட்டுநரிடம் வருகிறேன். மூன்றாம் நாள் ஐ.சி.யூ.வில் அவர் கட்டில் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். 'முதல் தடவை நீங்க வந்தப்பவே ஈ.சி.ஜி. எடுத்திருக்கணும். நான் எடுக்கலை. என் தப்பு. மன்னிச்சுக்கங்க' என்றேன். கை நடுங்கியது. அவர் கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்: 'அன்னைக்கு நீங்க நிமிர்ந்துகூடப் பார்க்கலை சார். பார்த்திருந்தா என் மூஞ்சியிலயே தெரிஞ்சிருக்கும்.'

ஈ.சி.ஜி.யைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்பதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன நடந்தது, அதில் என் பங்கு என்ன, இனி என்ன செய்யப்போகிறோம். 'அப்படி ஏதாவது நடந்திருந்தா சாரி' என்பது மன்னிப்பு ஆகாது. பெரிய விளைவு உண்டான சம்பவம் என்றால், முதலில் உங்கள் மூத்தவரிடமும் நிர்வாகத்திடமும் சொல்லிவிட்டு, முடிந்தால் மூத்தவரோடு சேர்ந்து போய்ப் பேசுங்கள். கேஸ் ஷீட்டில் எழுதியதை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். அதே போல, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லப் பழகுங்கள். 'இது என்னன்னு இன்னும் எனக்குத் தெளிவாகலை. ரெண்டு நாள் கழிச்சு வாங்க, நான் படிச்சுப் பார்த்து, என் சீனியர்கிட்டயும் கேட்டு வைக்கிறேன்' என்று நான் சொன்னதால் விட்டுப்போன நோயாளி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

எட்டாம் படி: கூட வேலை செய்கிறவர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். சிஸ்டர்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். 'இவருக்கு என்னவோ சரியில்லை டாக்டர்' என்று அனுபவமுள்ள நர்ஸ் சொன்னால் உடனே எழுந்து போய்ப் பாருங்கள். காரணம் கேட்டு மடக்காதீர்கள். நோயாளி முன்னால் பி.ஜி.யை, அதாவது மேற்படிப்பு மாணவரைத் திட்டாதீர்கள். டியூட்டி மாற்றிக் கொடுக்கும்போது நான்கு விஷயத்தை வரிசையாகச் சொல்லுங்கள்: இப்போது என்ன பிரச்சினை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, இரவு என்ன பார்க்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்ட இந்த வரிசை பிறகு மருத்துவமனைகளுக்கு வந்தது. இரண்டு நிமிட வேலை. வீட்டுக்குப் போன பிறகு 'அதைச் சொன்னோமா இல்லையா' என்று நடுராத்திரியில் விழித்துக்கொள்வது நிற்கும்.

ஒன்பதாம் படி: உங்களை யார் கேட்கிறார்கள்?

நாள் முழுக்கக் கேட்கிறவருக்கும் கேட்க ஆள் வேண்டும். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலின்ட் என்ற ஹங்கேரிய மருத்துவர், குடும்ப மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் தன்னைத் தொந்தரவு செய்யும் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும்படி செய்தார். நோயைப் பற்றி இல்லை, அந்த நோயாளி முன்னால் தனக்கு என்ன தோன்றுகிறது என்பதைப் பற்றி. பாலின்ட் குழு என்ற பெயரில் பல நாடுகளில் இது இன்றும் நடக்கிறது.

நாங்கள் ஐந்து பேர், ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு குழந்தை மருத்துவர், ஓர் எலும்பு மருத்துவர், ஒரு மயக்க மருந்து நிபுணர், நான், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் சேர்கிறோம். விதிகள் மூன்றுதான்: நோயாளியின் அடையாளம் வெளியே வரக்கூடாது, பேசி முடிக்கும்வரை யாரும் ஆலோசனை சொல்லக்கூடாது, ஃபோன் கீழே அறையில் இருக்கும். முதல் மாதம் தயக்கம். இரண்டாம் மாதம் மகப்பேறு மருத்துவர், எட்டு வருடத்துக்கு முன்னால் பிரசவத்தில் இழந்த ஒரு தாயைப் பற்றிப் பேசினார். அதுவரை அவர் தன் கணவரிடம்கூட அதைச் சொன்னதில்லை.

பேச்சால் தீராதவையும் உண்டு. தொடர்ந்து 36 மணி நேர டியூட்டி போடும் இடத்தில் பாலின்ட் குழு பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல், உறைவிட மருத்துவர்கள் வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. மூத்தவர்களாக இருக்கிற நாம் நம் யூனிட்டின் டியூட்டிப் பட்டியலை எடுத்து அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'நாங்களும் அப்படித்தான் கஷ்டப்பட்டோம்' என்பது ஒரு காரணமே இல்லை.

தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்வதே சுமையாகத் தோன்றினால் அது சோர்வைத் தாண்டிய நிலை. மனநல மருத்துவரைப் பாருங்கள். உள்ளூரில் பார்க்கத் தயக்கமாக இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். நோயாளிக்கு நாம் இதைத்தானே சொல்வோம்?

எப்படி ஆரம்பிப்பது

ஒன்பதையும் ஒரே வாரத்தில் எடுத்தால் இரண்டாவது நாளே விட்டுவிடுவீர்கள். மாதம் ஒன்று போதும். முதல் மாதம் நோட்டு, இரண்டாம் மாதம் அந்த ஒன்றரை நிமிடம். ஓ.பி. முடிந்ததும் நோட்டில் எரிச்சலுக்குப் பதில் ஒரு முகத்தை எழுதுங்கள், பெயர் இல்லாமல்: 'மூக்குத்தி போட்ட பாட்டி. பேரன் போலீஸ் வேலைக்குச் செலக்ட் ஆகிட்டானாம்.' வாரக் கடைசியில் எடுத்துப் படியுங்கள். என்னிடம் இப்போது இப்படி பதினோரு நோட்டுகள் இருக்கின்றன.

நாளை காலை முதலில் வருகிறவரிடம் மட்டும் செய்து பாருங்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் தானாகப் பேசி நிறுத்தும்வரை காத்திருங்கள். நிறுத்தியதும், 'அப்புறம்?' என்று கேளுங்கள்.